தவறணையை நடத்துவது எப்படி

வருகிற தையில் என் தங்கச்சியின் மகன் ஒரு தவறணையைப் பொறுப்பெடுக்கிறான். போன கிழமை சைக்கிளில் வந்து, "மாமா, கணக்கு வழக்கெல்லாம் சங்கத்தில சொல்லித் தருவினம். ஆக்களை எப்படிச் சமாளிக்கிறது எண்டுதான் தெரியேல்லை. ஒரு கொப்பியில எழுதித் தாங்கோ" என்று கேட்டான். அவனுக்கென்று தொடங்கியது நீண்டுவிட்டது. இந்தத் தொழிலுக்கு வர நினைக்கிற மற்றவர்களுக்கும் உதவட்டும் என்று எல்லாருக்குமாக எழுதுகிறேன்.

நான் யாழ்ப்பாணத்து வடமராட்சியில் 26 வருசம் தவறணை முகாமையாளராக இருந்தவன். அதற்கு முதல் அப்பாவோடு பனை ஏறினேன். முழங்கால் வருத்தம் வந்த பிறகு எங்கள் கூட்டுறவுச் சங்கம் என்னைக் கீழே இறக்கிக் காசு மேசையில் இருத்தியது. தவறணை என்ற சொல் இந்தியாவில் இருக்கிறவர்களுக்குப் புதிதாக இருக்கும். கள்ளுக்கடைதான். போர்த்துக்கேயர் விட்டுப்போன சொல் என்பார்கள். வாங்கு, கதிரை, மேசை எல்லாம்கூட அவர்கள் விட்டுப்போனவைதான். கடையையும் தந்து, அதற்குத் தளபாடமும் தந்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் கள். நல்ல மனமும் சிரித்த முகமும் இருந்தால் கூட்டம் தானாக வரும் என்று நினைக்காதீர்கள். கள் பிழைத்தால் உங்கள் சிரிப்பை யாரும் பார்க்கப்போவதில்லை. சீவல் தொழிலாளி விடிய மரமேறி, இரவு ஊறிய கள்ளை இறக்கிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு வருவார். ஒவ்வொருவருடைய கள்ளுக் கானையும் தனித்தனியாக மோந்து பாருங்கள். ஒரு மிடறு வாயில் வைத்துப் பாருங்கள். முட்டியை ஒழுங்காகக் கழுவாதவரின் கள் மரத்திலேயே புளித்துவிடும். முட்டியின் உட்புறத்தில் சுண்ணாம்பு பூசிக் கட்டினால் புளிக்காத கருப்பநீர், பூசாமல் கட்டினால் கள். அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பூசாத முட்டியில் புளிப்பு எந்த வேகத்தில் ஏறுகிறது என்பது முட்டியின் சுத்தத்தையும் வெயிலையும் பொறுத்தது. காலையில் இறக்கிய கள் மத்தியானம் வரை இனிப்பும் புளிப்புமாக இருக்கும். பின்னேரம் உறைப்பேறும். அடுத்த நாள் பின்னேரமானால் வினாகிரிப் பக்கம் சாயத் தொடங்கிவிடும். ஆகவே நேற்றையதை இன்றையதோடு கலக்காதீர்கள். ஒரு வாளி பழசு ஒரு பீப்பாயையே கெடுக்கும். மிஞ்சுவதை வடிசாலைக்கு அனுப்பச் சங்கத்தில் வழி இருக்கும், கேளுங்கள். பனஞ்சாராயம் ஆவதும் அதற்கு ஒரு மரியாதைதான்.

கலப்படக் கள்ளைப் பற்றி ஒன்று. சீனியும் ஈஸ்டும் போட்டுப் பொங்கவைத்த தண்ணீரைக் கள்ளோடு சேர்ப்பவர்கள் உண்டு. அதை நாக்கில் பிடிப்பது லேசல்ல. நான் பிடித்தது அளவில். பனைக்கு ஒரு காலம் இருக்கிறது. மாரி முடியப் பாளை வரும், கோடையில் நன்றாகச் சுரக்கும், ஆவணி வரும்போது எல்லா மரமும் இளைத்துப்போகும். ஒரு வருசம் எல்லாருடைய கானும் பாதிக்கு வந்த நேரத்தில் ஒருவருடைய கான் மட்டும் கழுத்துவரை நிறைந்தே வந்தது. எனக்கும் விற்பனை வேண்டியிருந்தது, நாலு நாள் பேசாமல் இருந்துவிட்டேன். ஐந்தாம் நாள் வழக்கமாக வருகிற ஒரு மாஸ்டர், "தம்பி, மூண்டு நாளாத் தலையிடி" என்றார். அந்த நாலு நாளையும் நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. நாக்கை நம்புங்கள், ஆனால் கொப்பியையும் பாருங்கள். யார் எத்தனை மரம் சீவுகிறார், நாளுக்கு எத்தனை போத்தல் வருகிறது என்று எழுதி வைத்திருந்தால் பொய் தானாகத் தெரியும்.

ஒருவர் கொண்டுவருகிற கள் மிக நன்றாக இருந்தால் அதைப் பீப்பாயில் ஊற்றாமல் தனியாக வையுங்கள். தனிப்பனைக் கள் என்று கேட்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள். அதற்குக் கூடக் காசு வாங்காதீர்கள். அன்றைக்கு யாருக்கு அது தேவை என்று பார்த்துக் கொடுங்கள். மகளுக்குக் கலியாணம் முற்றானவருக்கு, ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவருக்கு, அல்லது மரத்தில் இருந்து இறக்கியவருக்கே.

வார்க்கும்போது வடித்து வாருங்கள். எறும்பு, தேனீ, பாளைத் தூள் எல்லாம் கிடக்கும். இப்போது பிளாஸ்டிக் வடி வந்துவிட்டது. நான் கடைசிவரை, மட்டையடியில் வலைபோல இருக்கிற பன்னாடைதான் வைத்திருந்தேன். ஊரில் ஒருவனைப் பன்னாடை என்றால் அடிக்க வருவான், நல்லதை விட்டுக் கஞ்சலைப் பிடித்து வைப்பவன் என்று அர்த்தம். தவறணைக்காரனுக்கு அந்தக் குணம் வேண்டும். நாளுக்கு நூறு பேர் நூறு கதை கொட்டிவிட்டுப் போவார்கள். யாருடைய மனைவி, யாருடைய கடன், யாருடைய காணி. கஞ்சல் உங்களிடமே தங்கட்டும். ஒருவர் சொன்னது அடுத்த வாங்குக்குப் போகக் கூடாது.

இனிக் கோப்பை. இதில் எனக்குப் பிடிவாதம் உண்டு. அப்பா காலத்தில் எங்கள் ஊரில் தவறணை இல்லை. சீவுகிறவர் தன் வீட்டு முற்றத்திலேயே விற்பார். பெரிய வீட்டு ஆட்கள் மைமல் பொழுதில் பின் ஒழுங்கையால் வந்து, ஒரு பக்கமாகக் குந்தியிருந்து குடித்துவிட்டுப் போவார்கள். எங்கள் கள் அவர்கள் வாய்க்குள் போகலாம். அவர்கள் வீட்டுக் கிணற்றில் எங்கள் வாளி இறங்கக் கூடாது. தேநீர்க் கடைக்குப் போனால் எங்களுக்கென்று வேறாக ஒரு தகரப் பேணி, இல்லாவிட்டால் போத்தல். 1966 ஒக்ரோபர் 21 ஆம் திகதி தீண்டாமைக்கு எதிராகச் சுன்னாகத்தில் இருந்து யாழ்ப்பாணத்துக்கு ஊர்வலம் போனபோது நான் சின்னப் பெடியன். அதற்குப் பிறகுதான் தேநீர்க் கடைகளின் கதவு ஒவ்வொன்றாகத் திறந்தது, அதுவும் சும்மா திறக்கவில்லை. 1970களில் எங்கள் கூட்டுறவுச் சங்கங்கள் வந்து தவறணைகள் திறந்தபோதுதான் எல்லாரும் ஒரே கூரையின் கீழ், ஒரே வாங்கில் இருந்தார்கள். ஆகவே யாராவது வந்து, "எனக்கு அந்தக் கிளாசை வேறாக வை" என்றால் வைக்காதீர்கள். கோபிக்கவும் வேண்டாம். "எல்லாம் ஒரே வாளியில கழுவினதுதான் ஐயா" என்று மட்டும் சொல்லுங்கள். விருப்பமென்றால் குடிப்பார்.

கிளாஸ் வைத்திருந்தாலும் பிளாவை, அதாவது பனையோலைக் கோப்பையை, விடாதீர்கள். பிளா கோலத் தெரியாதவன் தவறணையில் நிற்கக் கூடாது என்பது என் கட்சி. குருத்தும் வேண்டாம், முற்றலும் வேண்டாம், இடைநடுவான சார்வோலையாக எடுங்கள். குருத்து வளைந்துகொடுத்துவிடும், முற்றல் மடிப்பில் வெடிக்கும். நாலைந்து மடிப்புச் சேர்ந்த ஒரு துண்டை, மடிப்புகள் பிரியாமல் அறுத்தெடுங்கள். ஈரத் துணியால் துடையுங்கள். நடுவைப் பெருவிரலால் மெல்ல அமுக்கி விரித்துக்கொண்டே இரண்டு முனையையும் கூட்டிப் பிடித்தால் நடுவில் ஒரு குழி விழும். அதே ஓலையில் கிழித்த நாரால் முனைகளை இறுக்கிக் கட்டுங்கள். தண்ணீர் ஊற்றி ஒரு நிமிசம் பிடித்துப் பாருங்கள். அடியில் ஒரு துளி தொங்கினால் எறிந்துவிட்டு வேறு கோலுங்கள். முதல் நாள் பத்துக்கு எட்டு ஒழுகும். எனக்கும் ஒழுகியது. அப்பா ஒன்றும் சொல்லாமல், என் மடியில் ஒழுகுவதைப் பார்த்துக்கொண்டு இருந்தார்.

பிளாவை ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், அதைக் கீழே வைக்க முடியாது. வைத்தால் சரிந்துவிடும். குடித்து முடிக்கும்வரை கையில்தான் ஏந்திக்கொண்டு இருக்கவேண்டும். ஒருவர் சுருட்டுப் பற்றவைக்க வேண்டுமென்றால் பக்கத்தில் இருப்பவரிடம், "இதைக் கொஞ்சம் பிடியுங்கோ" என்று கேட்கத்தான் வேண்டும். தெரியாத இரண்டு பேர் கதைக்கத் தொடங்குவதற்கு இதைவிட நல்ல வழி நான் கண்டதில்லை. இரண்டு கையிலும் பிளா இருக்கிறவன் அடிபிடிக்கும் போகமாட்டான்.

இருக்கைகளையும் அப்படியே யோசித்துப் போடுங்கள். தனிக் கதிரை போட்டால் ஆளாளுக்கு ஒரு மூலைக்கு இழுத்துக்கொண்டு போய்விடுவார்கள். நீள வாங்கு போடுங்கள், இரண்டை எதிரெதிராக, முழங்கால் இடிக்காத அளவுக்குக் கிட்டவாக. ஒரு வாங்கு மட்டும் வாசலைப் பார்த்தபடி இருக்கட்டும். தனியாக இருக்க விரும்புகிறவருக்கும் ஒரு இடம் வேண்டும். எல்லாரையும் இழுத்துக் கதையில் மாட்டுவது அன்பு இல்லை, கரைச்சல். ஒருவர் மூன்று நாள் தொடர்ந்து அந்த வாசல் வாங்கில் இருந்தால் நாலாம் நாள் நீங்களே போய்ப் பக்கத்தில் இருந்து, மழை வருமா என்று கேளுங்கள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.

ஒரு பத்திரிகை வாங்கிப் போடுங்கள், ஒன்றே போதும். இரண்டு வாங்கினால் ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு மௌனமாகிவிடுவார்கள். ஒன்றிருந்தால் ஒருவர் உரத்து வாசிக்க மற்றவர்கள் குறை சொல்வார்கள். தொலைக்காட்சி வேண்டாம். சங்கத்தில் ஒருமுறை தருகிறோம் என்றார்கள், வேண்டாம் என்றேன்.

ஒரு சீட்டுக்கட்டு அவசியம். எங்கள் பக்கத்தில் முந்நூற்று நாலு விளையாடாத ஆண்பிள்ளை குறைவு. ஜாக்குக்கு 30, ஒன்பதுக்கு 20, ஆசுக்கு 11, பத்துக்கு 10, ராசாவுக்கு 3, ராணிக்கு 2. ராசாவைவிட ஒன்பது பெரியது என்பதே இந்த விளையாட்டின் அழகு. நாலு பேர் வேண்டும், எதிரெதிரே இருப்பவர்கள் கூட்டு. காசு வைத்து விளையாட ஒருநாளும் விடாதீர்கள். காசு வந்தால் அன்றோடு சரி.

இந்த விளையாட்டால் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். அண்ணன் தம்பி இருவர், எல்லை வேலியில் அரை அடி காணிக்காகப் பதினொரு வருசம் கதைக்காமல் இருந்தார்கள். தம்பி இரவோடு இரவாக வேலிக் கதியாலைத் தள்ளி நட்டுவிட்டார் என்பது அண்ணனின் வழக்கு. இருவரும் என்னிடம்தான் வருவார்கள், அண்ணன் மத்தியானம், தம்பி பின்னேரம். ஒருநாள் மழை பிடித்து அண்ணன் போக முடியாமல் நின்றார், தம்பி நனைந்துகொண்டு வந்து ஏறினார். அங்கே மூன்று பேர் ஒரு கை குறைந்து சீட்டோடு இருந்தார்கள். நான் யாரிடமும் சமாதானம் பேசவில்லை. விளையாடிக்கொண்டிருந்த ஒருவரை மெல்லக் கூப்பிட்டு, பீப்பாயைக் கொஞ்சம் பார்க்கச் சொன்னேன். இப்போது இரண்டு கை குறைந்தது. "மழை விடும்வரைக்கும் ஒரு கை போடுங்கோவன்" என்று அண்ணனிடம் ஒருமுறை, தம்பியிடம் ஒருமுறை சொன்னேன். மீதி இருந்த இடம் எதிரெதிர் இடம். கூட்டாக விளையாட வேண்டி வந்துவிட்டது. கேள்வி, அதாவது இத்தனை புள்ளி எடுப்போம் என்கிற ஏலம், கேட்காமல் முந்நூற்று நாலு விளையாட முடியாது. முதல் ஒரு மணித்தியாலம் அவர்கள் கதைத்த சொல் எல்லாம் விளையாட்டுக் கேள்வி மட்டும். பிறகு தம்பி ஒரு ஒன்பதைக் கவனியாமல் போட, அண்ணன், "உனக்குச் சின்னனிலயிருந்து இதுதான் வேலை" என்றார். பதினொரு வருசத்தில் நேராகச் சொன்ன முதல் வசனம். வேலி இன்றைக்கும் அந்த அரை அடி தள்ளித்தான் நிற்கிறது. ஆனால் இருவரும் ஒரே நேரத்தில் வரத் தொடங்கினார்கள்.

அதாவது, சமாதானம் பேசாதீர்கள். இடத்தை ஒழுங்கு செய்யுங்கள், போதும்.

கடன் கொப்பிதான் இந்தத் தொழிலின் கஷ்டமான பக்கம். கடன் கொடுக்காமல் ஊரில் தவறணை நடத்த முடியாது. ஆனால் கொடுக்கத் தெரியாவிட்டால் நீங்கள் குடும்பம் கெடுக்கிறவர் ஆகிவிடுவீர்கள். நானும் ஆனேன். மேசன் வேலை செய்கிற ஒருவர், நல்ல கதைகாரர், அவர் வந்தாலே கொட்டில் கலகலக்கும். அவர் இருக்க வியாபாரமும் கூடும் என்பதால் கேட்ட கேட்ட உடனே ஊற்றினேன், எழுதினேன். ஒரு சனிக்கிழமை அவருடைய மனைவி பிள்ளையைக் கையில் பிடித்துக்கொண்டு படலையடியில் வந்து நின்றார். உள்ளே வரவில்லை. தவறணைக்குள் பெண்களுக்கு மது விற்பதற்கு இந்த நாட்டில் 1979 இல் தடை போட்டார்கள். 2018 தையில் எடுத்துவிட்டு, சில நாளிலேயே திருப்பிப் போட்டார்கள். அந்தக் கூத்து வேறு. அந்த மனுசி என்னைத் திட்டவில்லை. "அண்ணை, கொப்பியில எவ்வளவு எண்டு சொன்னாப் போதும்" என்றார். சொன்னேன். அது அவருடைய மூன்று கிழமைச் சம்பளம்.

அன்றைக்குப் பிறகு நான் வைத்த ஒழுங்கை நீங்களும் வையுங்கள். நாளுக்கு இரண்டு போத்தலுக்கு மேல் யாருக்கும் கடன் இல்லை. கிழமை முடியக் கொப்பியில் எதுவும் நிற்கக் கூடாது. நின்றால், தீரும்வரை அவருக்குக் கள் இல்லை. ஆனால் வாங்கு உண்டு. இதுதான் முக்கியம். "கள் இல்லை, வந்து இரும், தேத்தண்ணி இருக்கு" என்று சொல்ல வேண்டும். அதற்காக ஒரு கேத்தில் எப்போதும் அடுப்பில் இருக்கட்டும். அந்த மேசன் முதல் இரண்டு நாள் கோபித்துக்கொண்டு வேறெங்கோ போனார். மூன்றாம் நாள் வந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு அதே கதைகளைச் சொன்னார். ஆட்கள் அதே அளவுக்குச் சிரித்தார்கள். கள்ளுக்காக மட்டும் யாரும் வருவதில்லை என்று எனக்கு அப்போதுதான் விளங்கியது. சம்பள நாளில் வருகிறவரிடம், "வீட்டுக் காசைக் குடுத்திட்டு வாரும்" என்று சொல்லவும் பழகுங்கள். முறைப்பார்கள். முறைக்கட்டும்.

வெறி ஏறியவரை எப்படி நிறுத்துவது? எல்லார் முன்னாலும் "காணும்" என்று சொன்னால் அது மானப் பிரச்சினை, அதற்காகவே இன்னொன்று கேட்பார். நான் வார்க்கிற கையை மெதுவாக்குவேன். அவருடைய பிளா வெறுமையானால் எனக்குக் கண் தெரியாது, பத்து நிமிசம் கணக்குப் பார்ப்பேன். அதற்குள் சாப்பாடு ஏதாவது போகும். பிறகு அவர் வீட்டுப் பக்கம் போகிற ஒருவரைப் பார்த்து, "நீர் போகேக்க அண்ணையையும் கூட்டிக்கொண்டு போம்" என்பேன். சைக்கிள் என்னிடம் நிற்கும், விடிய வந்து எடுப்பார். சண்டை வந்தால் இருவரில் பெரியவரைப் பிடிக்காதீர்கள். சின்னவரை, அதாவது வயதில் இளையவரை, வெளியே கூப்பிட்டு ஏதாவது வேலை கொடுங்கள். தண்ணீர் அள்ளச் சொல்லலாம்.

சாப்பாடு பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. அவித்த கடலை, உறைப்பான மீன் பொரியல், மரவள்ளிக் கிழங்கு இருந்தால் போதும். ஆனால் வருசத்துக்கு ஒருமுறை, பனைக் காலம் முடிகிற நேரத்தில், ஒடியற்கூழ் காய்ச்சுங்கள். காசு வாங்காதீர்கள், பொருள் வாங்குங்கள். கடலுக்குப் போகிறவர் நண்டும் இறாலும் மீன் தலையும் கொண்டுவரட்டும், தோட்டக்காரர் பயற்றங்காயும் மரவள்ளியும், ஒருவர் பலாக்கொட்டை, ஒருவர் முருங்கையிலை. ஒடியல், அதாவது காயவைத்த பனங்கிழங்கு, அதன் மாவை முதலே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை இரண்டு மூன்று தரம் வார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் கயர்க்கும். மரக்கறியும் கடலுணவும் அவிந்த பிறகு பழப்புளியும் அரைத்த செத்தல் மிளகாயும் மாவும் கரைத்து ஊற்றிக் கைவிடாமல் துழாவுங்கள். கட்டிபட்டால் துழாவினவர் பெயர் வருசம் முழுக்கச் சொல்லப்படும். குடிப்பது பிளாவில்தான். அன்றைக்குக் குடிக்காதவர்களையும் கூப்பிடுங்கள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூட அதிபர் கள்ளைத் தொடாதவர். கூழுக்கு மட்டும் முதல் ஆளாக வருவார்.

நல்லூர்த் திருவிழா 25 நாளும் பாதிப் பேர் விரதம், வியாபாரம் படுக்கும். வருந்தவேண்டாம். அதே காலத்தில் கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வருகிறவர்கள் படம் எடுக்க வருவார்கள். இரட்டை விலை சொல்ல ஆசை வரும், சொல்லாதீர்கள். அவர்களைத் தனியாக இருத்தாமல் வயதானவர்களுக்கு நடுவில் இருத்துங்கள். ஐந்து நிமிசத்தில் யாராவது, "நீ இன்னாருடைய மோனல்லோ?" என்பார்.

போயா நாளில், அதாவது பௌர்ணமியில், பூட்டு. 21 வயது நிரம்பாதவருக்கு விற்கக் கூடாது, 2006 ஆம் ஆண்டுச் சட்டம். மீசையைப் பார்த்து ஏமாறாமல் அடையாள அட்டையைக் கேளுங்கள். இவற்றில் விட்டுக்கொடுப்பு இல்லை.

சீவல் தொழிலாளிகள் பின்னேர மரம் முடித்துக் கடைசியாக வருவார்கள். அந்த நேரம் நல்ல கள் முடிந்திருக்கும் என்பதால், அவர்களுக்கென்று மத்தியானமே கொஞ்சம் மூடி வையுங்கள். அவர்களுடைய காசை அன்றன்றைக்கே கணக்கு முடித்துக் கையில் கொடுங்கள். மரத்திலிருந்து விழுந்து படுத்தவர் இருந்தால் அவருடைய பெயரை அன்றைக்கு உரத்துச் சொல்லி ஒரு பேணியை மேசையில் வையுங்கள். அதில் விழுகிற காசை எண்ணாமல் அவர் வீட்டுக்கு அனுப்புங்கள்.

பூட்டுவதற்கு முதல் பீப்பாயையும் வாளியையும் சுடுதண்ணீர் விட்டுக் கழுவிக் கவிழ்த்துவிடுங்கள். சனிக்கிழமைகளில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. ஞாயிறு விடிய அப்பம் சுடுகிற வீடுகள் உண்டு, மாப் புளிக்கவைக்க உடன் கள் வேண்டும். சின்னப் போத்தல்களில் நிறைத்து, வீட்டுப் பெயர் எழுதி, வீட்டுக்குப் போகிற ஆண்களிடம் கொடுத்துவிடுங்கள். காசு எழுதவேண்டாம். அந்த மேசன் வீட்டுப் போத்தலை நான் எப்போதும் கடைசியாகத்தான் கொடுப்பேன். வழியில் அவர் அதைக் குடித்துவிட்டாரா என்பது ஞாயிறு பத்து மணிக்குள் தெரிந்துவிடும். குடிக்காவிட்டால், அவருடைய மகள் மூடிய கிண்ணத்தில் இரண்டு பாலப்பம் கொண்டுவந்து எங்கள் வீட்டுப் படலையில் நிற்பாள்.